மவுஸைத் தொடாமல் ஒரு பூட்டு வாங்க: ஸ்கிரீன் ரீடருக்கும் கீபோர்டுக்கும் ஏற்ற இணையதளம்

திண்டுக்கல் பேகம்பூரில் ஒரு பூட்டுக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகத்தின் பெயரைத் தாங்கிய பகுதி அது. பெரிய பள்ளிவாசலுக்கும் தோல் தொழிலுக்கும் பேர் போனது. கடைக்காரர் நாகல் நகரிலும் நல்லாம்பட்டியிலும் உள்ள பட்டறைகளிலிருந்து மாங்காய்ப் பூட்டும் லீவர் பூட்டும் எடுத்து விற்கிறார். 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வெளியூர்க்காரர்களுக்கும் விற்கலாமே என்று ஓர் இணையதளம் தொடங்கினார். முகப்பில் மலைக்கோட்டைப் படம், அதன் கீழ் பூட்டுகளின் படங்கள், விலைப்பட்டியல், கடைசியில் ஓர் ஆர்டர் படிவம். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

பழனியில் ஓர் ஆசிரியை. பார்வை இல்லாதவர். வாசல் கதவுக்கு உறுதியான பூட்டு வேண்டும் என்று கடையின் தளத்தைத் திறக்கிறார். அவருடைய கம்ப்யூட்டர் பேசுகிறது: “கிராஃபிக், ஐஎம்ஜி 2043. லிங்க். லிங்க். பட்டன். எடிட், பிளாங்க்.” விலைப்பட்டியலுக்குப் போனால் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வரிசையாக வருகின்றன. எந்தப் பூட்டு என்ன விலை, எந்தப் பெட்டியில் எதை நிரப்புவது, எதுவும் தெரியவில்லை. அவர் வேறு கடை தேடிப் போய்விடுகிறார். ஒரு வாடிக்கையாளர் வந்ததும் போனதும் கடைக்காரருக்குத் தெரியவே தெரியாது.

கடையும் ஆசிரியையும் விளக்கத்துக்காக உருவாக்கிக்கொண்டவர்கள். குறைகள் கற்பனை அல்ல. அமெரிக்காவின் வெப்எய்ம் அமைப்பு ஆண்டுதோறும் 10 லட்சம் முகப்புப் பக்கங்களைத் தானியங்கிக் கருவியால் சோதிக்கிறது. 2025-இல் அவற்றில் 94.8 சதவீதப் பக்கங்களில் அணுகல் பிழைகள் இருந்தன. மங்கலான எழுத்து, விளக்கம் இல்லாத படம், பெயர் இல்லாத படிவப் பெட்டி, வெறுமையான லிங்க், வெறுமையான பட்டன், மொழி குறிக்கப்படாத பக்கம் ஆகிய ஆறு வகைகளுக்குள்ளேயே பெரும்பாலான பிழைகள் அடங்கிவிட்டன. ஆறுமே பக்கத்தை எழுதும்போது செய்யும் சின்னச் சின்ன முடிவுகளால் வருபவை. அவற்றில் பலவற்றை எடுத்து, பேகம்பூர்க் கடையின் தளத்தைச் சீர்செய்வதே இந்த அத்தியாயத்தின் வேலை.

காதுக்கு எட்டுவது எது

ஸ்கிரீன் ரீடர் என்பது பக்கத்தைப் படித்துச் சொல்லும் மென்பொருள். அது திரையைப் பார்த்துப் படிப்பதில்லை. பிரவுசர் ஒரு பக்கத்தைக் கண்ணுக்காக வரையும்போதே, அது எழுதப்பட்ட எச்டிஎம்எல் மொழியின் குறிகளை வைத்து இன்னொரு பட்டியலையும் உள்ளே தயாரிக்கிறது. இது தலைப்பு, இரண்டாம் நிலை. இது லிங்க், பெயர் இன்னது. இது தேர்வுப் பெட்டி, இன்னும் டிக் செய்யப்படவில்லை. இந்தப் பட்டியலைத்தான் ஸ்கிரீன் ரீடர் குரலாகவோ பிரெயில் புள்ளிகளாகவோ மாற்றித் தருகிறது. ஒரு வரியைப் பெரிதாக்கித் தடித்த எழுத்தில் போட்டால் கண்ணுக்கு அது தலைப்பு. தலைப்புக் குறி இல்லையென்றால் பட்டியலில் அது வெறும் பத்திதான்.

விண்டோஸில் பரவலாக இருக்கும் ஸ்கிரீன் ரீடர்கள் இரண்டு. ஜாஸ் விலை கொடுத்து வாங்க வேண்டியது. என்விடிஏ இலவசம். 2006-இல் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் அதை எழுதத் தொடங்கினார்; ஒரு ஸ்கிரீன் ரீடருக்கு அவ்வளவு பணம் கொடுக்க வேண்டியிருப்பது நியாயமில்லை என்ற எண்ணமே அதற்குக் காரணம். அவரைப் போலவே பார்வையற்ற ஜேம்ஸ் டே விரைவில் சேர்ந்துகொண்டார். ஆண்ட்ராய்டு போன்களில் டாக்பேக், ஐபோன்களில் வாய்ஸ்ஓவர் ஆகியவை உள்ளேயே வருகின்றன. சென்னையின் பெனோ செபின், 2015-இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த, முழுமையாகப் பார்வையற்ற முதல் அதிகாரி. தேர்வுக்கு அவர் படித்ததில் ஜாஸ் மென்பொருளுக்குப் பெரிய பங்கு உண்டு.

தமிழ்க் குரல்களுக்கும் இப்போது பஞ்சமில்லை. என்விடிஏ-வோடு வரும் ஈஸ்பீக் தமிழ் பேசும். விண்டோஸில் கிடைக்கும் தமிழ்க் குரலின் பெயரே வள்ளுவர். சென்னை ஐஐடியில் பேராசிரியர் ஹேமா மூர்த்தி முன்னின்று நடத்திய ஆய்வுத் திட்டம் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்குப் பேச்சொலிக் குரல்களை உருவாக்கித் தந்தது. படிக்கக் குரல் தயாராக இருக்கிறது. படிக்கும்படியான எழுத்தைத் தருவதுதான் தளம் நடத்துபவரின் பொறுப்பு.

பழகியவர்கள் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை கேட்டுக்கொண்டிருப்பதில்லை. என்விடிஏ-வில் எச் விசையைத் தட்டினால் அடுத்த தலைப்பு, கே தட்டினால் அடுத்த லிங்க், பி தட்டினால் பட்டன், எஃப் தட்டினால் படிவப் பெட்டி, டி தட்டினால் அட்டவணை. வெப்எய்மின் கருத்துக்கணிப்பில் பத்தில் ஏழு பேர், நீளமான பக்கத்தில் ஒன்றைத் தேடத் தலைப்புகள் வழியாகவே போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பேகம்பூர்க் கடையின் பக்கத்துக்கும் அப்படியொரு அமைப்பு வேண்டும். கடையின் பெயர் முதல் நிலைத் தலைப்பு. “மாங்காய்ப் பூட்டுகள்”, “லீவர் பூட்டுகள்”, “விலைப்பட்டியல்”, “ஆர்டர் செய்ய” ஆகியவை இரண்டாம் நிலை. ஒவ்வொரு பூட்டின் பெயரும் மூன்றாம் நிலை. எழுத்தின் அளவு பிடிக்கவில்லை என்பதற்காக நிலையை மாற்றக் கூடாது. அளவைத் தோற்றத்துக்கான சிஎஸ்எஸ் விதிகள் பார்த்துக்கொள்ளும்.

தமிழ் எழுத்தாக இருக்கிறதா, தமிழ் போலத் தெரிகிறதா

தமிழ்த் தளங்களுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆளுக்கொரு எழுத்துரு இருந்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு டாம், டாப் குறியீடுகளைத் தரப்படுத்தியது. அச்சகங்களில் பாமினி, அலுவலகங்களில் வானவில் என்று பழக்கம் வேரூன்றியது. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ் 16 குறியீட்டையும் அதிகாரபூர்வத் தரங்களாக ஏற்றது. ஆனாலும் பழைய எழுத்துருவில் தட்டிய விலைப்பட்டியலும் அழைப்பிதழும் இன்னும் புழங்குகின்றன.

பாமினியில் “அம்மா” என்று தட்டினால் திரையில் அம்மா என்றே தெரியும். கோப்புக்குள் இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகள். எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துகிறது. ஸ்கிரீன் ரீடருக்கு உருவம் தெரியாது. உள்ளே இருக்கும் குறிகளைத்தான் அது படிக்கும். ஆசிரியை கேட்ட பொருளற்ற எழுத்துகள் வந்த வழி இதுதான். கூகுள் தேடலுக்கும் அந்தப் பக்கம் தமிழாகத் தெரியாது.

தீர்வு எளிது. என்எச்எம் கன்வர்ட்டர், அழகி போன்ற கருவிகளில் பழைய எழுத்துரு உரையை ஒட்டினால் யூனிகோடாக மாறிவிடும். மாற்றிய பிறகு ஒருமுறை மெய்ப்புப் பார்க்க வேண்டும். கிரந்த எழுத்துகளிலும் நிறுத்தக்குறிகளிலும் சில நேரம் பிசகு வரும்.

அடுத்தது படமாகப் போடப்படும் எழுத்து. விலைப்பட்டியலை அச்சகத்தில் அடித்து, போனில் படம் எடுத்துத் தளத்தில் ஏற்றுகிறார்கள். அறிவிப்புகளை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்குகிறார்கள். இரண்டிலும் ஸ்கிரீன் ரீடருக்குக் கிடைப்பது ஒரு படம் மட்டுமே. கூகுள் டிரைவும் டெசராக்ட் என்ற இலவச மென்பொருளும் படத்திலுள்ள தமிழ் எழுத்தை உரையாக மாற்றித் தரும். அதைத் திருத்திப் பக்கத்திலேயே உரையாகப் போடுவதுதான் சரி. பிடிஎஃப் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் ஒரு சோதனை இருக்கிறது. அதிலிருந்து நான்கு வரிகளை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பார்க்க வேண்டும். ஒன்றுமே ஒட்டவில்லை என்றால் அது படம். ஆங்கில எழுத்துகள் வந்தால் பழைய எழுத்துரு. கொம்பும் காலும் இடம் மாறி வந்தால் பிடிஎஃப் உருவாக்கிய விதத்தில் கோளாறு. தமிழ் தமிழாகவே வந்தால்தான் அது ஆசிரியையின் காதுக்கும் தமிழாகப் போகும்.

மூன்றாவது, மொழிக் குறிப்பு. ஒவ்வொரு பக்கத்தின் எச்டிஎம்எல் தொடக்கக் குறியிலும் பக்கத்தின் மொழியைச் சொல்லும் பண்பு ஒன்று உண்டு. வெளிநாட்டு டெம்ப்ளேட்டுகளில் அது ஆங்கிலம் என்றே வரும். தளம் செய்பவர் மாற்றாமல் விட்டுவிடுவார். அப்போது ஸ்கிரீன் ரீடர் தமிழ் வரிகளையும் ஆங்கிலக் குரலிடமே ஒப்படைக்கலாம். தமிழுக்கான இரண்டெழுத்துக் குறியீட்டை, அதாவது டி, ஏ என்ற எழுத்துகளை, அந்த இடத்தில் எழுதிவிட்டால் தமிழ்க் குரல் பேசும். பக்கத்தின் நடுவே ஆங்கிலத்தில் ஒரு பத்தி வந்தால் அந்தப் பத்திக்கு மட்டும் ஆங்கிலம் என்று குறிக்கலாம்.

அழகுக்காக “பூ ட் டு” என்று எழுத்துகளுக்கு நடுவே இடம் விட்டுத் தட்டுவதையும் தவிர்க்க வேண்டும். குரல் அதைத் துண்டு துண்டாகவே சொல்லும். இடைவெளி வேண்டுமானால் சிஎஸ்எஸ்ஸில் கொடுக்கலாம். “மி.மீ.” என்பதைவிட “மில்லிமீட்டர்” காதுக்குத் தெளிவு.

படத்துக்கு ஒரு வாக்கியம்

படக் குறியில் மாற்று உரை என்ற பண்பு உண்டு. தளம் செய்பவர்கள் ஆல்ட் என்பார்கள். அது இல்லாதபோது ஸ்கிரீன் ரீடர் கோப்பின் பெயரைப் படிக்கக்கூடும். “ஐஎம்ஜி 2043” வந்தது அப்படித்தான்.

நல்ல மாற்று உரை, படம் அந்த இடத்தில் எதற்காக இருக்கிறதோ அதைச் சொல்லும். விற்பனைப் பக்கத்தில் “பூட்டு” என்று மட்டும் எழுதினால் வாங்குபவருக்கு உதவாது. “பித்தளை மாங்காய்ப் பூட்டு, உள்ளங்கை அளவு, இரண்டு சாவிகளுடன்” என்றால் உதவும். முகப்பிலுள்ள மலைக்கோட்டைப் படம் அழகுக்கு மட்டும் என்றால் ஆல்ட்டை வெறுமையாக விட வேண்டும்; பண்பு இருக்க வேண்டும், உள்ளே ஒன்றும் இருக்கக் கூடாது. ஸ்கிரீன் ரீடர் அதைத் தாண்டிப் போய்விடும். “இது ஒரு படம்” என்று தொடங்கத் தேவையில்லை, அதை ஸ்கிரீன் ரீடரே சொல்லிவிடுகிறது. படமே லிங்க்காக இருந்தால், அழுத்தினால் எங்கே போகும் என்பதே அதன் மாற்று உரை. கூடை உருவம் மட்டும் உள்ள பட்டனுக்கு “கூடையைப் பார்க்க” என்று பெயர் கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஆசிரியைக்குக் கேட்பது “பட்டன்” என்ற ஒற்றைச் சொல்தான்.

உலகில் இணைய அணுகல் பற்றிய முதல் பெரிய வழக்குகளில் ஒன்று இந்த மாற்று உரையை ஒட்டி எழுந்தது. சிட்னி ஒலிம்பிக் தளத்தில் படங்களுக்கு உரை இல்லை, விளையாட்டு அட்டவணைகளையும் முடிவுகளையும் படிக்க முடியவில்லை என்று பிறவியிலேயே பார்வையற்ற புரூஸ் மகுவைர் 1999-இல் புகார் கொடுத்தார். சரிசெய்ய மிகுந்த காலமும் பணமும் பிடிக்கும் என்றது ஏற்பாட்டுக் குழு. அவ்வளவு ஆகாது என்று வல்லுநர்கள் சாட்சி சொன்னார்கள். 2000 ஆகஸ்டில் ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையம் மகுவைர் பக்கம் தீர்ப்பளித்தது. குழு முழுமையாகச் சரிசெய்யாததால் 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடும் விதிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான பக்கங்கள் எழுதி முடிந்தபின் திருத்துவதற்கும், படத்தை ஏற்றும்போதே ஒரு வாக்கியம் எழுதுவதற்கும் உள்ள தூரம் அந்த வழக்கில் தெளிவாகத் தெரிந்தது.

விலைப்பட்டியலுக்கு அட்டவணைக் குறி வேண்டும். “பூட்டு வகை”, “அளவு”, “விலை” ஆகிய மேல்வரிசைக் கட்டங்களைத் தலைப்புக் கட்டங்களாகக் குறிக்க வேண்டும். அப்போது ஆசிரியை கட்டம் கட்டமாக நகரும்போது வெறும் எண்ணைக் கேட்காமல் “விலை, 450 ரூபாய்” என்று கேட்பார்.

மவுஸை எடுத்து வைத்துவிட்டு

கீபோர்டை மட்டும் பயன்படுத்துபவர்கள் பார்வையற்றவர்கள் மட்டும் அல்லர். கை நடுக்கம் உள்ளவர், தண்டுவடக் காயத்தால் விரல் அசைவு குறைந்தவர், ஒரு கையால் வேலை செய்பவர், மணிக்கட்டு வலியால் மவுஸைப் பிடிக்க முடியாதவர் எனப் பலர் உண்டு. அவர்களுக்கு வேண்டியது ஐந்தாறு விசைகள். டேப் அடுத்ததற்கு, ஷிஃப்ட்டுடன் டேப் முந்தையதற்கு, என்டர் லிங்க்கைத் திறக்க, ஸ்பேஸ் பட்டனை அழுத்தவும் பெட்டியை டிக் செய்யவும், அம்பு விசைகள் பட்டியலுக்குள் நகர, எஸ்கேப் மூட.

பேகம்பூர்த் தளத்தில் “கூடையில் போடு” என்பது பட்டன் போலத் தெரிகிறது. டேப் தட்டினால் அதில் நிற்காமல் தாண்டிப் போகிறது. செய்தவர் ஒரு சாதாரணப் பெட்டிக்கு, அதாவது டிவ் குறிக்கு, வண்ணம் பூசி மவுஸ் சொடுக்கை மட்டும் இணைத்திருக்கிறார். அதை உண்மையான பட்டன் குறியாக மாற்றினால் டேப் அங்கே நிற்கும், என்டரும் ஸ்பேஸும் வேலை செய்யும், ஸ்கிரீன் ரீடர் அதைப் பட்டன் என்று சொல்லும். ஒரு குறியை மாற்றினால் மூன்றும் சேர்ந்து கிடைக்கின்றன. வேறொரு பக்கத்துக்குப் போவது லிங்க், அதே பக்கத்தில் ஒரு வேலையைச் செய்வது பட்டன் என்ற கணக்கை வைத்துக்கொண்டால் எங்கே எது என்ற குழப்பம் வராது.

டேப் தட்டும்போது எங்கே நிற்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். பிரவுசர்கள் இதற்காக ஒரு வளையத்தைத் தாமாகவே வரைகின்றன. அழகைக் கெடுக்கிறது என்று அந்த வளையத்தைச் சிஎஸ்எஸ்ஸில் நீக்கிவிடும் வழக்கம் பரவலாக உண்டு. வளையம் போனால், பார்வை இருந்தும் மவுஸ் பிடிக்க முடியாதவருக்குத் தான் எந்த இடத்தில் இருக்கிறோம் என்றே தெரியாது. தளத்தின் வண்ணத்துக்குப் பொருந்தும் தடித்த வளையமாக மாற்றிக்கொள்ளலாம், எடுத்துவிடக் கூடாது. 2023 அக்டோபரில் வெளியான, இணைய அணுகலுக்கான டபிள்யூசிஏஜி 2.2 தரம் இன்னும் ஒன்றைச் சேர்த்தது. மேலே ஒட்டிக்கொண்டே வரும் பட்டையோ குக்கீ அறிவிப்போ, நிற்கும் இடத்தை முழுதாக மறைத்துவிடக் கூடாது.

மெனுவில் இருபது லிங்க்குகள் இருந்தால் ஒவ்வொரு பக்கத்திலும் இருபது முறை டேப் தட்டிய பிறகுதான் பூட்டுகள் வரும். பக்கத்தின் முதல் லிங்க்காக “நேராக உள்ளடக்கத்துக்கு” என்று ஒன்றை வைத்தால் ஒரே தட்டில் தாண்டிவிடலாம். மவுஸை மேலே கொண்டுபோனால் மட்டும் விரியும் துணை மெனுக்களை என்டரால் திறக்கும்படி மாற்ற வேண்டும். டேப் போகும் வரிசை, எச்டிஎம்எல்லில் எழுதிய வரிசையையே பின்பற்றும். அதை எண் போட்டு மாற்ற முயன்றால் புதிதாக ஒரு பெட்டி சேர்க்கும் நாளில் எல்லாம் குழம்பிவிடும்.

திடீரென்று எழும்பும் பெட்டிகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். “முதல் ஆர்டருக்குத் தள்ளுபடி” என்ற பெட்டி திறந்தால் கீபோர்டின் கவனம் அதற்குள் போக வேண்டும். எஸ்கேப் தட்டினால் மூட வேண்டும். மூடியதும் முன்பு நின்ற இடத்துக்கே திரும்ப வேண்டும். பெட்டி முன்னால் நிற்க, டேப் அதன் பின்னால் மறைந்த லிங்க்குகளில் அலைவது அடிக்கடி காணும் கோளாறு. உள்ளே போன பிறகு வெளியே வரவே முடியாமல் சிக்கிக்கொள்வது அதைவிடக் கொடியது. தானாகவே ஓடும் படவரிசை ஐந்து விநாடிக்கு மேல் நகர்ந்தால் நிறுத்தும் பட்டன் இருக்க வேண்டும் என்பதும் தரத்தின் விதி.

படிவம்: ஆர்டர் கைகூடும் இடம்

“எடிட், பிளாங்க்” என்று கேட்டது பெயர் இல்லாத பெட்டியால். பெட்டிக்குள் மங்கலாக “உங்கள் ஊர்” என்று எழுதிவைப்பது பெயர் சூட்டியதாக ஆகாது. தட்டத் தொடங்கியதும் அது மறைந்துவிடும். ஒவ்வொரு பெட்டிக்கும் வெளியே லேபிள் குறியில் ஒரு பெயர் எழுதி, அதைப் பெட்டியோடு இணைக்க வேண்டும். கட்டாயமான பெட்டிகளில் சிவப்பு நட்சத்திரத்தோடு நிறுத்தாமல் “கட்டாயம்” என்ற சொல்லையும் சேர்த்தால் நிறம் தெரியாதவருக்கும் புரியும்.

பிழைச் செய்தி எழுத்தில் வர வேண்டும், எந்தப் பெட்டியில் என்ன தவறு என்று சொல்ல வேண்டும். “சிவப்பில் உள்ளவற்றைத் திருத்தவும்” என்றால் ஆசிரியைக்கு எதுவும் தெரியாது. “பின்கோடில் 6 இலக்கம் வேண்டும், 5 மட்டுமே உள்ளது” என்றால் உடனே திருத்துவார். பொருள் கூடையில் விழுந்ததும் திரையின் ஓரத்தில் தோன்றி மறையும் செய்தியும் அவருக்குக் கேட்க வேண்டும். அந்தச் செய்திப் பகுதியை ஏரியா குறிப்புகளில் உள்ள நேரடி அறிவிப்புப் பண்பால் குறித்தால், அவர் வேறு இடத்தில் இருந்தாலும் குரல் அதைச் சொல்லும். ஏரியா என்பது ஸ்கிரீன் ரீடருக்காகக் கூடுதல் தகவல் தரும் பண்புகளின் தொகுப்பு. எச்டிஎம்எல்லில் ஏற்கெனவே பட்டனும் லேபிளும் இருக்கும்போது ஏரியாவால் அவற்றைப் போலி செய்யக் கூடாது என்பது அதன் முதல் விதி.

ஓடிபி-க்குக் கொடுக்கும் நேரத்தை நீட்டிக்க வழி இருக்க வேண்டும். குரலைக் கேட்டுக்கொண்டே போனில் செய்தியைத் தேடி எடுத்துத் தட்டுபவருக்கு அரை நிமிடம் போதாது. நெளிந்த எழுத்துகளைப் படிக்கச் சொல்லும் கேப்சாவுக்கு மாற்று இல்லையென்றால் ஆர்டர் அங்கேயே நின்றுவிடும்.

இத்தகைய தடைதான் உச்ச நீதிமன்றம் வரை போனது. அமில வீச்சில் முகம் சிதைந்து, கேமரா கேட்டபடி கண் சிமிட்ட முடியாதவர்களுக்கு வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் டிஜிட்டல் கேஒய்சி மறுக்கப்பட்டது. பிரக்யா பிரசூன் உள்ளிட்டோர் தொடுத்த வழக்கும், பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயின் தொடுத்த வழக்கும் ஒன்றாக விசாரிக்கப்பட்டன. 2025 ஏப்ரல் 30-இல் நீதிபதிகள் ஜே.பி. பார்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு தீர்ப்பளித்தது. டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை, அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. 20 உத்தரவுகளையும் பிறப்பித்தது.

சட்டம் என்ன கேட்கிறது

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் நிறைவேறி 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அரசுத் துறைகளோடு தனியார் சேவை வழங்குவோரும் அதன் வரம்புக்குள் வருகிறார்கள். விதி மீறலுக்கு முதல் முறை 10,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்த மீறல்களுக்கு 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்க அதில் இடமுண்டு. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ் 17802 தகவல் தொழில்நுட்ப அணுகலுக்கான தரம். அரசுத் தளங்களுக்கென்று 2009 முதல் இருக்கும் வழிகாட்டியின் மூன்றாம் பதிப்பு 2023-இல் வந்தது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8-இல், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். அவர்களில் ஏறத்தாழ 50 லட்சம் பேர் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள். சட்டத்துக்கு அஞ்சி அல்ல, இவர்களும் வாடிக்கையாளர்களே என்ற நினைப்பில் தளத்தைத் திருத்துவதுதான் கடைக்கு அழகு.

ஒரு வரி நிரலை ஒட்டினால் தளம் முழுவதும் சரியாகிவிடும் என்று விற்கப்படும் மென்பொருள்களை நம்பி இறங்கக் கூடாது. அப்படி விளம்பரம் செய்த ஆக்சஸிபி நிறுவனம் 10 லட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்று அமெரிக்காவின் ஃபெடரல் வர்த்தக ஆணையம் 2025-இல் உத்தரவிட்டது. பழைய எழுத்துருவில் இருக்கும் விலைப்பட்டியலையோ பெயரில்லாத படிவப் பெட்டியையோ அந்தத் தளத்தை அறிந்தவர்தான் சரிசெய்ய முடியும்.

ஒரு பிற்பகல் வேலை

கடைக்காரரும் தளம் செய்து தந்தவரும் சேர்ந்து உட்கார்ந்தால் முதல் சோதனையை ஒரு பிற்பகலில் முடிக்கலாம்.

1. மவுஸைக் கழற்றிவிட்டு, டேப் விசையால் முகப்பிலிருந்து ஆர்டர் முடியும் வரை போக வேண்டும். வளையம் மறைந்த இடம், தாண்டிப்போன பட்டன், சிக்கிக்கொண்ட பெட்டி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

2. பக்கத்திலிருந்தும் பிடிஎஃப்பிலிருந்தும் சில வரிகளை நோட்பேடில் ஒட்டிப் பார்க்க வேண்டும்.

3. என்விடிஏ-வை நிறுவி, எச் விசையால் தலைப்புகளை மட்டும் கேட்க வேண்டும். கடையில் என்ன கிடைக்கும் என்பது அதிலேயே புரிகிறதா?

4. இன்செர்ட்டுடன் எஃப்7 தட்டி லிங்க் பட்டியலைத் திறக்க வேண்டும். “இங்கே சொடுக்கவும்” என்று பத்து லிங்க்குகள் இருந்தால் ஒவ்வொன்றையும் “மாங்காய்ப் பூட்டு விலை” என்பது போல மாற்ற வேண்டும்.

5. திரையை அணைத்துவிட்டு ஆர்டர் படிவத்தைக் காதால் மட்டும் கேட்டு நிரப்ப வேண்டும். பின்கோடை வேண்டுமென்றே தப்பாகத் தட்டி, பிழைச் செய்தி கேட்கிறதா என்று பார்க்க வேண்டும்.

6. இதையே ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக்கை இயக்கி மறுபடி செய்ய வேண்டும்.

திருத்தும் வரிசையில் படிவமும் பட்டன்களும் முதலில் வர வேண்டும், அவை தடுத்தால் வாங்கவே முடியாது. அடுத்து விலைப்பட்டியலின் எழுத்து, அதன் பின் மொழிக் குறிப்பும் தலைப்புகளும், பிறகு படங்கள்.

பார்வையுள்ளவர் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் சோதனை பாதி வேலைதான். நாள்தோறும் ஸ்கிரீன் ரீடரில் வாழ்பவர், வேறு யாருக்கும் தோன்றாத இடத்தில் தடுமாறுவார். வேறு யாரும் அறியாத குறுக்குவழியில் போவார். மதுரை சுந்தரராஜன்பட்டியில், பார்வையற்றவரான எஸ்.எம்.ஏ. ஜின்னா 1985-இல் தொடங்கிய இந்தியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. திண்டுக்கல்லிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம். அதுபோன்ற அமைப்புகள் வழியாகவோ ஊரிலுள்ள பார்வை மாற்றுத்திறனாளிகள் வழியாகவோ இரண்டு பேரை அழைத்து, உரிய கூலி கொடுத்து, ஒரு பூட்டை ஆர்டர் செய்யச் சொல்லி அருகில் இருந்து கவனிக்க வேண்டும். அவர்கள் நிற்கும் இடத்தில் உதவிக்குப் பாயாமல், ஏன் நின்றார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

தளத்தின் அடியில் “இந்தப் பக்கத்தைப் பயன்படுத்துவதில் சிரமம் இருந்தால் அழைக்கவும்” என்று ஒரு போன் எண்ணையும் போட்டு, கடையில் அந்த அழைப்பை எடுக்க ஒருவரை நியமிக்க வேண்டும். புதிய பூட்டின் படம் ஏறும் நாளிலும் விலைப்பட்டியல் மாறும் நாளிலும் மேலே உள்ள முதல் இரண்டு சோதனைகளை மட்டுமாவது திரும்பச் செய்ய வேண்டும்.